இடப் பக்கம் மடித்த போர்வை

அத்தியாயம் ஆறு

"சாக்லேட் வெச்சுட்டுப் போற திருடனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல மேடம்," என்றாள் சுப்ரியா.

வித்யாலட்சுமி சிரிக்கவில்லை. கட்டிலைவிட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்து மணி. ரிச்மண்ட் சர்க்கிள் பக்கத்து நெரிசல் ஆறு மாடிக்குக் கீழே சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஹோட்டல் நாகலிங்கா கோர்ட்டின் கண்ணாடிகள் அவ்வளவு கனம்.

சுப்ரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து மூன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளில் அந்த வாயாலேயே வேலையை விட்டவள். இரண்டு வருடமாகத் துப்பறிவாளர் ரங்கநாதனிடம் உதவியாளர். அங்கே மட்டும் அந்த வாய்க்கு மரியாதை இருந்தது.

வித்யாலட்சுமி பேசுவதே குறைவு. ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் விஷம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தன் கையால் ஒரு பச்சை நோட்டில் எழுதிவைத்தாள். கம்பெனி அந்த முடிவை மாற்றி எழுதி மருந்தைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. அதைக் குடித்த குழந்தைகள் பிழைக்கவில்லை. நாளைக் காலை பத்தரை மணிக்கு விசாரணைக் குழு முன்னால் அவள் சாட்சி சொல்ல வேண்டும்.

"நோட்டு லாக்கர்ல இருக்கு," என்றாள். "அது போனாக்கூடப் பரவாயில்ல, வக்கீல்கிட்ட காப்பி இருக்கு. ஆனா இது நான் எழுதினதுதான்னு சொல்ல நான் வேணும். நான் இல்லன்னா அது வெறும் காகிதம்."

அதைக் கேட்டதும் சுப்ரியாவுக்கு அடுத்த ஜோக் வரவில்லை.

மேஜைமேல் ஹோட்டலின் அட்டை ஒன்று இருந்தது. மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் 'டர்ன்டவுன் சர்வீஸ்'. விருந்தாளி வெளியே போயிருக்கும்போது பணிப்பெண் வந்து திரைகளை மூடுவாள். தூங்க வசதியாகப் போர்வையின் ஒரு முனையை மடித்து வைப்பாள். கட்டிலடியில் செருப்பு, தலையணைமேல் சாக்லேட், பக்கத்தில் தண்ணீர். தலைமாட்டு விளக்கு ஒன்றை மட்டும் மங்கலாக எரியவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம்.

"எங்க ஊர்ல பாயை உதறிப் போட்டா சர்வீஸ் முடிஞ்சுது," என்றாள் சுப்ரியா. "நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

"வந்த அன்னைக்கே சொன்னேன். கதவுலயும் தொந்தரவு செய்ய வேண்டாம்னு அட்டை மாட்டினேன். தினமும் ஆறரைக்குக் கீழ காபி ஷாப்ல வக்கீலைப் பார்க்கப் போவேன். ஏழேகாலுக்குத் திரும்பி வந்தா இப்படி இருக்கும். பாருங்க."

அவள் போனில் மூன்று மாலைகளின் படங்கள் இருந்தன. மூன்றிலும் போர்வை மடிக்கப்பட்டு, செருப்பு வைக்கப்பட்டு, தலையணைமேல் சாக்லேட். ஆனால் அட்டையில் இல்லாத சில விஷயங்களும் இருந்தன. பீரோவின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து உள்ளே புடவைகள் தெரிந்தன. குளியலறைக் கதவும் அப்படியே. அறையின் அத்தனை விளக்குகளும் எரிந்தன.

"இதோட, நான் பாதி குடிச்சு வெச்ச தண்ணி பாட்டிலைக் காணோம். மூணு நாளும். அந்த இடத்துல புதுசு ஒண்ணு இருக்கும்."

திருட வந்தவன் பீரோவைத் திறந்தால் மூடிவிட்டுப் போவான். இவன் திறந்தே வைத்திருக்கிறான். உன் துணிமணி வரைக்கும் பார்த்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவேன் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நாளைக்குச் சாட்சி சொல்லப் போகிறவளுக்கு அது புரியாமலா இருக்கும்.

"ஹோட்டல்ல கேட்டீங்களா?"

"காலையில டியூட்டி மேனேஜர்கிட்ட சொன்னேன். சுஹாஸ்னு பேரு. உடனே கதவுப் பூட்டோட ரெக்கார்டைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தார்." ஒரு தாளை நீட்டினாள். எந்தச் சாவி அட்டை எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தது என்ற வரிசை. அவளுடைய அட்டை, காலை பதினோரு மணிக்கு அறையைச் சுத்தம் செய்யும் குளோரியாவின் அட்டை. மாலையில் அவளைத் தவிர ஒருவர் பெயரும் இல்லை.

"அப்ப பேய்," என்றாள் சுப்ரியா. சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

*

ரங்கநாதன் லாபி சோபாவில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். ஆறாவது மாடி பெண்களுக்கென்று ஒதுக்கிய மாடி. தங்குபவர்களும் பெண்கள், வேலை செய்பவர்களும் பெண்கள். அவசரமென்றால் டியூட்டி மேனேஜர் மட்டும் போகலாம். மற்ற ஆண்களுக்கு லிஃப்டே அங்கே நிற்காது. ரங்கநாதன் மல்லேஸ்வரத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தாறு வருடம் பொய்களைப் பிரித்துப் பார்த்தவர்.

"பேய் பிடிச்சாச்சா?" என்றார்.

"பேய் இல்ல சார், பொம்பளை. சாயங்கால ஷிஃப்ட் லட்சுமம்மாவைப் பிடிச்சு ரூல்ஸ் எல்லாம் கேட்டேன். ரூமுக்குள்ள இருக்கறப்ப கதவை மூடக் கூடாது, தள்ளுவண்டி வாசல்லயே நிக்கணும். ஒத்தை ஆள் தங்கற ரூம்னா டெலிபோன் இருக்கற பக்கம்தான் போர்வையை மடிக்கணும். அவங்க ரூம் 614ல போன் வலது பக்கம். ஆனா மூணு படத்துலயும் மடிப்பு இடது பக்கம், சுவரோரம்."

"அந்தம்மா எந்தப் பக்கம் படுக்கறாங்க?"

"சுவரை ஒட்டி. சின்ன வயசுல இருந்தே அப்படித்தானாம். கல்யாணம் ஆகலை. கூடத் தங்கின ஃப்ரெண்டும் கிடையாது. அப்ப அது யாருக்குத் தெரியும்?"

ரங்கநாதன் ஏலக்காயை மெல்லுவதை நிறுத்தினார். "தினம் காலையில கசங்கின பக்கத்தைப் பார்த்துப் படுக்கை போடறவளுக்கு."

"ஆறு மாடி இறங்கி வந்து நான் சொல்ல வேண்டியதை உட்கார்ந்த இடத்துலயே சொல்லிட்டீங்க," என்றாள் சுப்ரியா. குரலில் பெருமை பொங்கியது. "குளோரியா. காலை ஷிஃப்ட் நாலு மணிக்கு முடியுது. ஆனா தினமும் ஏழரைக்குத்தான் வீட்டுக்குப் போறாளாம். லட்சுமம்மாவே சொன்னாங்க."

ரங்கநாதன் அவள் கொண்டுவந்த பூட்டு ரெக்கார்டுத் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஹோட்டலில் புகார் சொல்கிற எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் போனார்கள். டியூட்டி மேனேஜர் மேஜைக்கு.

சுஹாஸ் முப்பத்தெட்டு வயது இருக்கும் ஒல்லியான ஆள். கன்னடமும் தமிழும் ஒரே இஸ்திரி போட்ட மாதிரிப் பேசினான். குளோரியாவின் பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினான்.

"எஸ் மேடம், இருக்கு. குளோரியாவோட கார்டு. ஆறு முப்பத்தெட்டு, ஆறு நாற்பது, ஆறு நாற்பத்தொண்ணு. மூணு நாளும் சாயங்காலம் உள்ள போயிருக்கா. ஐ ஆம் சோ சாரி."

சுப்ரியாவுக்கு யாராவது கைதட்ட மாட்டார்களா என்றிருந்தது. வேறெதுவும் அப்போது அவள் காதில் விழவில்லை.

ஐந்து நிமிடத்தில் குளோரியா வந்து நின்றாள். லிங்கராஜபுரத்துக்காரி, நாற்பதுக்கு அருகில், வெளுத்த சீருடை. சுஹாஸை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பார்வை தரைக்குப் போய்விட்டது.

"சாயங்காலம் அந்த ரூமுக்கு எதுக்குப் போனீங்க?" என்றாள் சுப்ரியா.

"படுக்கை போட, மேடம்."

"அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே. பீரோவை ஏன் திறந்து வெச்சீங்க? யார் சொல்லிச் செஞ்சீங்க?"

சுஹாஸ் கையை நீட்டினான். அவள் கழுத்திலிருந்து சாவி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். செக்யூரிட்டி அவளைப் பின்வாசலுக்கு அழைத்துப் போகும்போது திரும்பிச் சுப்ரியாவிடம் சொன்னாள்:

"அந்த அம்மாவை இன்னைக்குத் தனியா விடாதீங்க மேடம்."

"எவ்வளவு தைரியம் பாருங்க, மிரட்டறா," என்றான் சுஹாஸ். சுப்ரியாவை ஆறாவது மாடிக்கு விட்ட விசிட்டர் அட்டையையும் புன்னகையோடு வாங்கிக்கொண்டான். "இனிமே கவலையில்ல. வித்யா மேடம் இன்னைக்கு எங்கயும் இறங்கி வர வேண்டாம், ரூம்லயே ரெஸ்ட் எடுக்கட்டும்னு நான் சொல்லிட்டேன். இன்னைக்கு எங்க சார்புல முறைப்படி ஒரு டர்ன்டவுன் அனுப்பறேன்."

*

ஆறரை ஆகியிருந்தது. லாபியில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். சுப்ரியா கிளம்பத் தயாராக நின்றாள். ரங்கநாதன் எழவில்லை. உரித்த ஏலக்காயை விரலில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"சுப்ரியா, நீ ஒருத்தரைக் கொல்லப் போறேன்னு வெச்சுக்கோ."

"யாரை சார்? லிஸ்ட் பெருசா இருக்கு."

"ஹோட்டல் ரூம்ல ஒளிஞ்சிருக்கணும். எங்க ஒளிவே?"

"பீரோ. இல்லன்னா பாத்ரூம்."

"அந்த ரெண்டு கதவையும் விரியத் திறந்து வெச்சு, எல்லா லைட்டையும் போட்டுட்டு ஒருத்தி போயிட்டான்னா?"

"ஒளிய முடியாது. ரூமுக்கு வரவங்க வாசல்ல நின்னே பார்த்துக்கலாம், உள்ள யாரும் இல்ல..."

"தண்ணியில எதையாவது கலக்கணும்னா எந்த பாட்டில்ல கலப்பாங்க? திறந்த பாட்டில்ல. அதைத்தான் அவ தினமும் எடுத்துட்டுப் போய், சீல் உடைக்காததை வெச்சிருக்கா." ரங்கநாதன் தாளை எடுத்து மடியில் விரித்தார். "இது காலையில சுஹாஸ் குடுத்தது. சாயங்காலம் அந்தம்மாவோடதைத் தவிர ஒரு பதிவும் இல்ல. இப்ப அதே சுஹாஸ் மூணு பதிவைப் படிச்சான். நான் குளோரியா வர்றாளான்னு வாசலைப் பார்த்துட்டிருந்தேன். நீ உன்னையே மெச்சிட்டிருந்தே. ரெண்டு பேருமே இதைக் கோட்டை விட்டுட்டோம்."

"காலையில குளோரியாவோட பதிவை மறைச்சிருக்கான்."

"அவளோடதை அவன் எதுக்கும்மா மறைக்கணும்? அதைக் காட்டியிருந்தா அவ காலையிலேயே வெளிய போயிருப்பா, அவனுக்கும் வசதி. சாயங்காலம் வந்த மத்தவங்க பதிவை மொத்தமா எடுத்திருக்கான். ஏன்னா அதுல அவனோட சாவியும் இருந்திருக்கு. மருந்துக் கம்பெனி அவனை விலைக்கு வாங்கியிருக்கணும். நாம ஒரு பேரைக் கொண்டுபோய்க் குடுத்ததும் அதை மட்டும் வாசிச்சுட்டான். திரையை நமக்குக் காட்டினானா?"

காட்டவில்லை. சுப்ரியா கண்ணை மூடித் திறந்தாள். மூன்று நாளாக அந்த அறையைக் காத்துக்கொண்டிருந்தவளைத் தன் சாமர்த்தியத்தாலேயே வெளியே அனுப்பிவிட்டாள். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பயம்தான் அதிகம். போனை எடுத்தாள்.

"சொல்லுங்க சுப்ரியா," என்றாள் வித்யாலட்சுமி. குரல் அன்று மாலையில் முதல் முறையாகத் தளர்வாக இருந்தது.

"மேடம், யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க."

"ஏன்? இப்பதான் பெல் அடிச்சாங்க. டர்ன்டவுன் சர்வீஸ்னு சொன்னாங்க."

"பொம்பளைக் குரலா, ஆம்பளைக் குரலா?"

"ஆம்பளை."

"உள் கொக்கியைப் போடுங்க. இப்பவே. நான் வரேன்."

ரங்கநாதன் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். "அட்டை இல்லாம மேல போற வழி குளோரியாவுக்குத்தான் தெரியும், பின்வாசலுக்கு ஓடு. நான் போலீசுக்குச் சொல்றேன். அஞ்சு நிமிஷத்துல உன்கிட்ட இருந்து போன் வரலைன்னா நெருப்பு மணியை அடிச்சுடுவேன்."

பின்வாசலில் செக்யூரிட்டி குளோரியாவின் பையைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். சுப்ரியா பையைப் பிடுங்கி அவள் தோளில் மாட்டி, கையைப் பிடித்து இழுத்தாள். "மன்னிச்சுக்கோங்க. அவன் மேல இருக்கான்." குளோரியா ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடினாள். துணி மூட்டை ஏற்றும் சர்வீஸ் லிஃப்ட் எரிச்சலூட்டும் மெதுவில் ஏறியது. உள்ளே சிக்னல் கிடையாது. வித்யாலட்சுமியின் பெயர் திரையில் இருந்தது, குரல் போய்விட்டது.

"முதல் நாள் சாயங்காலம் என் கண்ணாடியை மறந்துட்டு மேல வந்தேன்," என்றாள் குளோரியா, மூச்சு வாங்க. "அந்த ரூம்ல இருந்து இவர் வெளிய வந்தார். கையில அந்த அம்மா குடிச்ச பாட்டில் மூடி. என்னைப் பார்க்கல. உள்ள போனேன், பாட்டில் திறந்து கிடந்துச்சு. எடுத்துக் கொட்டிட்டேன். அன்னையில இருந்து அவங்க கீழ போற நேரமெல்லாம் வண்டியை வாசல்ல குறுக்க நிறுத்திட்டு உள்ளேயே வேலை செஞ்சேன். வண்டி நிக்கறப்ப இவர் எப்படி வருவார்?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவரை வெச்சுக்கிட்டுத்தானே மேடம் கேட்டீங்க."

*

ஆறாவது மாடி வராந்தா நீளமாக, கம்பளம் விரித்து, ஆளில்லாமல் கிடந்தது. 614 வாசலில் தள்ளுவண்டி இல்லை. சுஹாஸ் மட்டும் நின்றிருந்தான். ஒரு கையில் தட்டு. அதில் சாக்லேட்டும் தண்ணீர் பாட்டிலும். அவனுடைய சாவி கதவைத் திறந்திருந்தது, ஆனால் உள்கொக்கி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் விடவில்லை. அந்த இடைவெளிக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் குரல்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க மேடம். வித்யா மேடம் பயப்படறாங்க. நீங்களே சொல்லுங்க, உங்களை நம்புவாங்க."

"மேடம்," என்றாள் சுப்ரியா இடைவெளியைப் பார்த்து. "நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க ரூமுக்கு வந்தது குளோரியாதான், ஆனா உங்களைக் காப்பாத்தறதுக்கு வந்தாங்க. ஆபத்து இவர்கிட்டதான். கொக்கியை எடுக்காதீங்க."

சுஹாஸ் தட்டை இன்னொரு கைக்கு மாற்றினான். "வேலையை விட்டு அனுப்பின ஒருத்தி. அரை மணிக்கு முன்னாடி ஒண்ணு, இப்ப ஒண்ணு சொல்ற டிடெக்டிவ். மேடம், நீங்களே யோசிங்க."

அப்போது நெருப்பு மணி அலறியது. ரங்கநாதனின் ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

சுஹாஸ் ஒரு வினாடி கூரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஃபயர் அலாரம் மேடம். யாரும் ரூம்ல இருக்கக் கூடாது. வெளிய வந்தே ஆகணும். கெஸ்ட்டைக் கூட்டிட்டுப் போறது டியூட்டி மேனேஜரோட பொறுப்பு. வாங்க, அவசரப் படிக்கட்டு இந்தப் பக்கம்."

அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஈரத் தலையோடு ஒருத்தி, லேப்டாப்பை மார்பில் அணைத்துக்கொண்டு ஒருத்தி, என்ன ஏது என்று கன்னடத்திலும் இந்தியிலும் கேட்டபடி பலர். கூட்டத்துக்கு நடுவில் 614இன் கொக்கி விலகும் சத்தம் கேட்டது. வித்யாலட்சுமி பச்சை நோட்டோடு வெளியே வந்தாள். சுஹாஸ் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், குளோரியாவைப் பார்த்தாள். யார் சொல்வது உண்மை என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அது முகத்திலேயே எழுதியிருந்தது.

"சுவரோரமாப் படுக்கறது எனக்கும் பழக்கம்மா," என்றாள் குளோரியா. "வாங்க."

வித்யாலட்சுமி குளோரியாவின் கையைப் பிடித்தாள்.

ஆறு மாடி இறங்கினார்கள். ஒரு பக்கம் குளோரியா, ஒரு பக்கம் சுப்ரியா, சுற்றிலும் பெண்கள். இரண்டு படி பின்னால் சுஹாஸ் பொறுமையாக இறங்கி வந்தான். பார்த்து வாங்க, பார்த்து வாங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் சுப்ரியா திரும்பிப் பார்த்தாள். தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் மாடிவாரியாக எல்லோரையும் நிற்கவைத்தார்கள். ரங்கநாதன் இரண்டு போலீஸ்காரர்களோடு வாசல் ஓரம் நின்று, மடித்த தாளைப் பிரித்து அவர்களிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி ஆள் தங்கியிருப்பவர்களின் பட்டியலைக் கொண்டுவந்து சுஹாஸிடம் கொடுத்தார். டியூட்டி மேனேஜர்தான் வாசிக்க வேண்டும், விதி அது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுஹாஸ் தெளிவான குரலில் ஆறாவது மாடியை வாசித்தான். 611. 612. ஆள் இருந்தால் கையைத் தூக்கினார்கள், அவன் பேனாவால் குறித்தான். 613. ஒரு கை உயர்ந்தது.

"615," என்றான்.

வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அவன் மனதில் அந்த அறை எப்போதோ காலியாகிவிட்டிருந்தது. குளோரியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

வித்யாலட்சுமி வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிச் சுப்ரியா கேட்டதில்லை.

"614 விட்டுட்டீங்க. வித்யாலட்சுமி. உயிரோட இருக்கேன். எழுதிக்குங்க."

போலீஸ்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். சுஹாஸ் பட்டியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பேனாவை அந்த வரிக்குக் கொண்டுபோய் எழுதினான்.